லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஏன் பயிற்சி? வாசகர் கேள்விகளுக்கு ஒரு விமானியின் பதில்கள்

சென்ற இதழில் என்னைப் பற்றி நாலு வரி வந்ததும் இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயணிகள் விமானம் ஓட்டுபவள் அல்ல. பறப்பதற்காக யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. தொழில் கணக்குத் தணிக்கை. 29 வயதில் தனிநபர் விமானி லைசென்ஸ் வாங்கினேன், இப்போது 51. இந்த 22 வருடத்தில் என் லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் ஏட்டில், சேர்ந்திருப்பது 640 மணி நேரம். தொழில்முறை விமானிகள் இதை ஒரே வருடத்தில் தாண்டிவிடுவார்கள். ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானங்களையும், எஞ்சினே இல்லாத சிலவற்றையும் பற்றித்தான்.

கேள்வி: அக்கா, இந்த லைசென்ஸ் வாங்க என்னென்ன வேண்டும்? நான் கணக்கில் சுமார்தான். – கல்லூரி மாணவி

பதில்: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு இது: வயது 17, பறந்த நேரம் 40 மணி. அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில் படித்தால் 35 மணி. அதில் 10 மணி நேரமாவது தனியாகப் பறந்திருக்க வேண்டும். தனிப் பயணங்களில் ஒன்று 270 கிலோமீட்டருக்குக் குறையக்கூடாது. வழியில் இரண்டு வேறு விமானத்தளங்களில் இறங்கி ஏற வேண்டும். இதற்கு மேல் எழுத்துத் தேர்வு, மருத்துவச் சான்று, கடைசியில் தேர்வாளருடன் ஒரு பறப்பு. ஒவ்வொரு நாடும் இதோடு தன் விதிகளைச் சேர்த்துக்கொள்ளும். எனக்கு 61 மணி நேரம் பிடித்தது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான் தங்கச்சி. ஆனால் பறந்துகொண்டே மனதுக்குள் போட வேண்டும். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல் வேகம். 120 நாட் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு இரண்டு கடல் மைல், 90 நாட்டில் ஒன்றரை. இந்த மாதிரி. பழகிவிடும்.

கேள்வி: லைசென்ஸ் வாங்கி இத்தனை வருடம் ஆகியும் இன்னும் பயிற்சிக்குப் போகிறீர்களாமே? கற்றது மறந்துவிடுமா என்ன? – ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, இதையே இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். "பைக் லைசென்ஸ் வாங்கியவன் மறுபடி டிரைவிங் ஸ்கூல் போவானா?" என்கிறார் ஒருவர். நியாயமான கேள்விதான்.

பைக்கைத் தினமும் எடுக்கிறோம். நான் பறப்பது மாதத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம். வானிலை சரியில்லை என்றால் ஆறு ஏழு வாரம் விமானத்தைத் தொடாமலே போய்விடும். கை மறந்துகொண்டிருப்பது நமக்கே தெரியாது. ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். அதனால்தான் பல நாடுகளில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: கடந்த 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருந்தால்தான் பயணியை ஏற்றலாம். அமெரிக்காவில் 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநருடன் குறைந்தது ஒரு மணி நேரம் தரையில் பாடம், ஒரு மணி நேரம் பறப்பு என்று இருக்கிறது. சட்டத்துக்கு அது போதும்.

எனக்குப் போதவில்லை. லைசென்ஸ் வாங்கிய நான்காவது வருடம் அப்படி ஒரு மறுபரிசோதனைக்குப் போனேன். எனக்கு முன்பின் தெரியாத, அதிகம் பேசாத ஒரு பெரியவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். ஓடுபாதையை விட்டு எழும்பி 500 அடி ஏறியிருப்போம். அவர் விரலால் பேனலைத் தட்டினார். அங்கே வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும், உள்ளே ஒரு கறுப்புக் குண்டு. விமானம் காற்றில் நேராகப் போனால் குண்டு நடுவில் நிற்கும். ஒருக்களித்துப் போனால் ஒரு பக்கம் ஒதுங்கும். என் குண்டு வலப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்றார்.

"எப்படி சார்?"

"வலது கால் தூங்குதே அம்மா."

குனிந்து பார்த்தேன். இரண்டு குதிகாலும் தரையில் அசையாமல் ஊன்றியிருந்தன. ரடர், அதாவது மூக்கை இடம் வலமாகத் திருப்ப வாலில் இருக்கும் தகடு, அதன் பெடலில் பாதம் பட்டும் படாமலும் இருந்தது. முழு வேகத்தில் ஏறும்போது எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் இழுக்கும், அதை வலது காலால் பிடிக்க வேண்டும் என்பது முதல் வாரத்துப் பாடம். பயிற்சிக் காலத்தில் செய்துகொண்டுதான் இருந்தேன். எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த நான்கு வருடத்தில் எத்தனையோ பேரை ஏற்றிப் பறந்திருக்கிறேன். பயணிக்கு இது தெரியாது, சொல்லவும் மாட்டார். தரைக்குப் பக்கத்தில், வேகம் குறைந்திருக்கும் நேரத்தில், குண்டு இப்படி ஒதுங்கியிருக்க இறக்கை ஸ்டால் ஆனால், அதாவது தூக்கும் திறனை இழந்தால், விமானம் ஒரு பக்கமாகப் புரண்டு ஸ்பின்னில், சுழன்றுகொண்டே, விழும். அந்த உயரத்தில் மீட்க இடம் இருக்காது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநருடன் பறப்பது. அதுவும் என்னை ஏற்கெனவே தெரிந்தவராக இல்லாமல் பார்த்துக்கொள்வது. முடிந்த வருடங்களில் அதுவரை தொட்டிராத ஒரு வகை விமானத்தில் பாடம் எடுப்பது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த ஒழுங்கிலிருந்து கிடைத்தவை.

கேள்வி: எஞ்சின் இல்லாத கிளைடரில் பறந்து என்ன கற்றுக்கொள்ள முடியும்? – பொறியியல் மாணவர்

பதில்: காலுக்குக் கிளைடரை விடப் பெரிய ஆசிரியரை நான் பார்க்கவில்லை, தம்பி. அந்தப் பெரியவரே என்னை அங்கே அனுப்பினார்.

கிளைடரின் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே, விமானியின் கண்ணுக்கு நேராக, ஒரு கம்பளி நூல் துண்டு ஒட்டியிருக்கும். கைவிரல் நீளம்கூட இருக்காது. ஒரு முனை மட்டும் டேப்பில், மறுமுனை காற்றில். நேராகப் பறந்தால் நூல் நேராகக் கிடக்கும். சற்றே ஒருக்களித்தாலும் சாயும். பேனலில் இருக்கும் குண்டு ஒதுங்கிய பக்கத்துக் காலை அழுத்த வேண்டும்; நூலுக்கு அது சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கத்துக் காலை அழுத்த வேண்டும். முதல் நாள் நான் இதைக் குழப்பிக்கொண்டு நூலை இன்னும் மோசமாகச் சாய்த்தேன்.

கிளைடரில் இது ஏன் இவ்வளவு கடினம் என்றால், இறக்கைகள் மிக நீளம். இடப்பக்கம் சாய ஸ்டிக்கைத் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான எயிலரான் கீழே இறங்கி, அந்த இறக்கையைத் தூக்குகிறது. தூக்கும் இறக்கை காற்றில் கூடுதலாகவும் இழுபடும். அதனால் விமானம் இடது பக்கம் சாயும்போதே மூக்கு வலது பக்கம் போகப் பார்க்கும். செஸ்னா 172 போன்ற எஞ்சின் வைத்த சின்ன விமானத்தில் இது மென்மையாக இருக்கும், சோம்பேறிக் காலை மன்னித்துவிடும். கிளைடர் மன்னிக்காது. கையும் காலும் ஒரே நேரத்தில் போக வேண்டும். எனக்கு அது வர பதினைந்து பறப்புகள் ஆயின.

அப்புறம், எஞ்சின் இல்லாததால் காற்றைப் படிக்க வேண்டும். வெயில் பட்டுச் சூடான நிலத்திலிருந்து எழும் காற்றுத் தூணைத் தெர்மல் என்பார்கள். அதற்குள் வட்டமடித்தால் மேலே தூக்கிக்கொண்டு போகும். ஒருநாள் 1,200 அடிக்கு இறங்கிவிட்டேன், இனி தளத்துக்குத் திரும்பத்தான் வேண்டும் என்று நினைத்தபோது வலப்பக்கம் ஒரு பருந்து சிறகடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கம் போனேன். இருக்கை கீழிருந்து உதைப்பதுபோல ஒரு தள்ளு. ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரின் முள் மேலே ஏறியது. இருபது நிமிடம் அந்தப் பறவையும் நானும் ஒரே வட்டத்தில், எதிரெதிர் பக்கத்தில். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கிளைடர் அனுபவம் பெரிய விமானத்துக்கும் உதவும் என்பதற்கு உதாரணம் உண்டு. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767, 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றுபோனது. கிலோகிராமுக்குப் பதில் பவுண்டில் கணக்கிட்டு எரிபொருள் நிரப்பியிருந்தார்கள். கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டுபவர். கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கும்போது உயரம் அதிகமாக இருந்தது. அவர் ரடரையும் எயிலரானையும் எதிரெதிராகப் பிடித்து, அந்தப் பெரிய விமானத்தை வேண்டுமென்றே ஒருக்களித்துச் சறுக்கவிட்டு உயரத்தைக் கரைத்தார். அனைவரும் உயிர் பிழைத்தார்கள். நாள் முழுக்க எண்களோடும் அலகுகளோடும் வேலை செய்கிற எனக்கு, அந்தக் கதையின் இரண்டு பாதியும் மனதை விட்டுப் போவதில்லை.

கேள்வி: எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாதா? – பல வாசகர்கள்

பதில்: விழாது. மூக்கைச் சரியான கோணத்தில் வைத்தால் சறுக்கிக்கொண்டு இறங்கும். செஸ்னா 172 ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் ஒன்றரை கடல் மைல், அதாவது இரண்டே முக்கால் கிலோமீட்டர் போகும். ஏஎஸ்கே 21 என்ற பயிற்சி கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து சுமார் 34 கிலோமீட்டர் சறுக்கும். இறங்க இடம் தேடுவதுதான் விமானியின் வேலை. ஒவ்வொரு மறுபயிற்சியிலும் பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, இழுத்துவிடுவார். நான் பறக்கும்போது பாதிக் கண் எப்போதும் கீழே வயல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: வாலில் சக்கரம் வைத்த பழைய விமானங்களை ஓட்டியிருக்கிறீர்களா? – விமான மாதிரிகள் செய்யும் வாசகர்

பதில்: ஆமாம், பைப்பர் கப். 65 குதிரைத்திறன் எஞ்சின், இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல், இருக்கைகள் முன்னும் பின்னுமாக. தனியாகப் போனால் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். தரையில் இருக்கும்போது மூக்கு உயர்ந்திருப்பதால் முன்னால் எதுவும் தெரியாது; பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

நீங்கள் மாதிரிகள் செய்பவர், அதனால் உங்களுக்கு எளிதில் புரியும். மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தில் எடையின் மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும். வால்சக்கர விமானத்தில் பின்னால். இழுத்துக்கொண்டு போகும் வண்டி தானாக நேராக வரும். பின்னாலிருந்து தள்ளும் வண்டி கொஞ்சம் திரும்பினால் மேலும் மேலும் திரும்பப் பார்க்கும். வால்சக்கர விமானம் தரையில் அப்படித்தான். ஆரம்பத்திலேயே காலால் பிடிக்காவிட்டால் வால் சுழன்று முன்னே வந்துவிடும், இறக்கை தரையில் இடிக்கும்.

என் மூன்றாவது மணி நேரத்தில் அழகாக இறங்கினேன். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன, சத்தமே இல்லை. ஓடுபாதையில் வேகம் குறைந்து, ஓட்டமாய் ஓடும் மனிதனின் வேகத்துக்கு வந்ததும் "அப்பாடா" என்று தோளைத் தளர்த்தினேன். அந்த ஒரு நொடியில் வால் இடப்பக்கம் நகர்ந்தது. முன் இருக்கையிலிருந்த பயிற்றுநரின் கால் பெடலில் பலமாக இறங்கியதைப் பாதத்தில் உணர்ந்தேன். விமானம் ஓடுபாதை விளிம்பில் புல்லைத் தொட்டபடி நின்றது. அவர் திட்டவில்லை. "கயிறு போட்டுக் கட்டுற வரைக்கும் காலை எடுக்காதே" என்றார். நான் தனியாக ஓட்டலாம் என்று அவர் கையெழுத்துப் போட 11 மணி நேரம் ஆனது.

கேள்வி: என் மகன் பறக்க ஆசைப்படுகிறான். உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் பயந்ததே இல்லையா? – ஒரு தாய்

பதில்: பயந்திருக்கிறேன் அம்மா. மறைக்க மாட்டேன், ஒரு நாளை அப்படியே சொல்கிறேன்.

என் 212ஆவது மணி நேரம். தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். வெளியே வெப்பம் 19 டிகிரி, முதல் நாள் மழை பெய்து காற்றில் ஈரம் நிறைந்திருந்தது, மேகம் இல்லை. இறங்குவதற்காக த்ராட்டிலைக் குறைத்து, எஞ்சின் சுற்றை நிமிடத்துக்கு 2,200இல் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 2,100. கை தானாகப் போய் த்ராட்டிலைச் சிறிது கூட்டியது. அதுதான் நான் செய்த தவறு: ஏன் குறைந்தது என்று கேட்காமல் சரிசெய்துவிட்டேன். மறுபடி 2,050. எஞ்சினில் ஒரு நடுக்கம்.

அப்போதுதான் உறைத்தது, எரிபொருளும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரில் பனி. எரிபொருள் ஆவியாகும்போதும், குறுகலான வழியில் காற்று விரையும்போதும் கார்புரேட்டருக்குள் வெப்பம் இருபது டிகிரிக்கு மேலும் விழலாம். ஆகவே வெளியே இதமாக இருக்கும் நாளிலும் ஈரக்காற்று உள்ளே உறைந்து வழியை அடைக்கும். அதற்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது. இழுத்தால் எஞ்சினின் சூடான காற்று உள்ளே போகும்.

இழுத்தேன். உடனே எஞ்சின் இன்னும் மோசமாகக் குலுங்கியது. சுற்று மேலும் இறங்கியது. குமிழை உள்ளே தள்ளிவிடு என்று உடம்பு முழுவதும் கத்தியது. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் நடந்த மறுபயிற்சியில் பயிற்றுநர் இதையேதான் சொல்லியிருந்தார்: உருகுகிற பனி தண்ணீராக எஞ்சினுக்குள் போகும், முதலில் மோசமாகும், கையை எடுக்காதே. எடுக்கவில்லை. அரை நிமிடம் இருக்கலாம், எனக்கு அது ரொம்ப நீளமாக இருந்தது. அதற்குள் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து அதன் பக்கம் திரும்பியும்விட்டேன். பிறகு ஒரு விக்கல். முள் எழும்பி, முன்பைவிட மேலே போய் நின்றது. பக்கத்தில் இருந்த தளத்தில் இறங்கி எஞ்சினை நிறுத்திய பிறகு கதவைத் திறக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது.

அந்த இரண்டு மாதத்துக்கு முந்தைய பாடம் இல்லாவிட்டால் நான் குமிழைத் தள்ளியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். உங்கள் மகனைப் போகவிடுங்கள். ஆனால் நல்ல பயிற்றுநரிடம் விடுங்கள். லைசென்ஸ் வந்த பிறகும் அவரிடம் போய் வருகிறானா என்று அவ்வப்போது கேளுங்கள்.

கேள்வி: மேகத்துக்குள் போனால் எப்படி இருக்கும்? அழகாக இருக்குமா? – எட்டாம் வகுப்பு மாணவி

பதில்: வெள்ளையாக இருக்கும் கண்ணு, வேறொன்றும் தெரியாது. மேல் எது, கீழ் எது என்பதே தெரியாமல் போய்விடும். நம் காதுக்குள் இருக்கும் திரவம்தான் உடம்பு சாய்கிறதா, திரும்புகிறதா என்று சொல்கிறது. விமானம் மெதுவாக ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சற்று நேரத்தில் அது "நேராகத்தான் போகிறோம்" என்று பொய் சொல்லும். 1954இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வெளியே தெரியாத நிலையில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள்; சராசரியாக 178 நொடியில். மூன்று நிமிடம்கூட இல்லை.

எனக்கு என் பயிற்றுநர் இதை எளிமையாகக் காட்டினார். "கண்ணை மூடு, தலையைக் குனி, விமானத்தை நேராக வைத்திரு" என்றார். நேராகத்தான் வைத்திருந்தேன், சத்தியம் செய்திருப்பேன். கண்ணைத் திறந்தால் இடது இறக்கை நாற்பது டிகிரி சாய்ந்திருந்தது, மூக்கு கீழே போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு கருவிப் பறப்புப் பயிற்சி எடுத்தேன். வெளியே பார்க்க முடியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பைக் கட்டிக்கொண்டு, ஆறு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். மனதைப் பிழிந்து எடுக்கும் படிப்பு. இன்றைக்கும் நானாக மேகத்துக்குள் போவதில்லை. தவறி மாட்டினால் வெளியே வரத் தெரியும், அவ்வளவுதான்.

கேள்வி: தண்ணீரில் இறங்கும் விமானம்? – சுருக்கமாகக் கேட்டவர்

பதில்: ஒரு வாரம் மட்டும் கற்றேன். பிரேக் கிடையாது, எஞ்சின் ஓடும் வரை விமானம் நகர்ந்துகொண்டே இருக்கும். அலையைவிட, அலையே இல்லாத கண்ணாடித் தண்ணீர்தான் ஆபத்து. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கரையோரம் பார்த்து உயரத்தைக் கணித்து, மூக்கை ஒரே கோணத்தில் வைத்து, நிமிடத்துக்கு 150 அடி என்ற அளவில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது தொடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. காத்திருப்பதுதான் பாடம். முதல்முறை தொட்டபோது அது தண்ணீர் என்றே தெரியவில்லை, சத்தம்தான் சொன்னது.

கேள்வி: லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகிறது மேடம். ஒரே தளத்துக்குப் போய்த் திரும்பி வருகிறேன். அடுத்து என்ன செய்யலாம்? – இளம் விமானி

பதில்: பலத்த பக்கக் காற்று வீசும் நாளாகப் பார்த்துப் பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். நல்ல வானிலையில் மட்டும் பறந்து பழகியவரைக் காற்று என்றைக்காவது வழியில் பிடிக்கும், அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். செஸ்னா 172இன் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் என்று போட்டிருக்கும். அது சோதனை விமானி காட்டியது. உங்கள் அளவு என்ன என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். நான் முதலில் 6 நாட் என்று எழுதிவைத்தேன். பயிற்சிக்குப் பிறகு 10, இப்போது 13.

பிறகு செங்குத்தான திருப்பங்கள். 60 டிகிரி சாய்த்து உயரம் இழக்காமல் திரும்பினால் உங்கள் எடை இரட்டிப்பாகும், ஸ்டால் ஆகும் வேகம் 41 விழுக்காடு கூடும். புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கன்னம் கீழே இழுபடும்போதுதான் அது உடம்புக்குப் புரியும்.

முடிந்தால் ஸ்பின் பயிற்சியும் எடுங்கள், அதற்கு அனுமதி பெற்ற விமானத்தில், அதில் தேர்ந்த பயிற்றுநருடன், நல்ல உயரத்தில். ஒரு காலத்தில் ஸ்பின் என்றால் மரணம்தான். 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி தரைக்குச் சில பத்து அடி உயரத்தில் அதிலிருந்து மீண்டார். சுழலும் திசைக்கு எதிர் ரடரை முழுதாக அழுத்தியதால். கீழே நின்று பார்த்தவர்களுக்கு அது ஒரு புதுப் பாடம். இன்றும் முறை அதை ஒட்டியதுதான்: எஞ்சினைக் குறை, எயிலரானை நடுவில் வை, எதிர் ரடரை முழுவதும் அழுத்து, ஸ்டிக்கை முன்னே தள்ளு. முதல்முறை கீழே பூமி சுழல்வதைப் பார்த்து நான் நாலாவதை முதலில் செய்யப் போனேன். ஆறாவது முறை கால் தானாகப் போனது. அந்த நாள் மாலை எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: 22 வருடம் ஓட்டியவருக்கு செக்லிஸ்ட் மனப்பாடம் ஆகியிருக்குமே, இன்னுமா படிக்கிறீர்கள்? – வங்கி ஊழியர்

பதில்: படிக்கிறேன், வாய்விட்டு, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு. 1935 அக்டோபர் 30 அன்று போயிங்கின் மாடல் 299 என்ற குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறப்பில் எழும்பியதும் விழுந்தது. ஓட்டியவர்கள் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த விமானிகள். தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பகுதிக்குப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் விமானிகளின் செக்லிஸ்ட். உங்கள் வங்கியில் பணம் எண்ணும்போது "நேற்றும் எண்ணினேனே" என்று விட்டுவிடுவீர்களா?

கேள்வி: கம்ப்யூட்டர் சிமுலேட்டர் உதவுமா? – பிளஸ் டூ மாணவர்

பதில்: கருவிகளைப் படிக்கவும், ரேடியோவில் பேசும் ஒழுங்குக்கும், புதுத் தளத்தின் வழியைப் பார்த்துவைக்கவும் நன்றாக உதவும். நானும் வீட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் ரடரின் அழுத்தமும், இருக்கையில் விமானம் நழுவுகிற உணர்வும் அதில் வராது. அதோடு, வெளியே பார்க்காமல் பேனலையே முறைக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். அதை நீக்குவது பயிற்றுநருக்குப் பெரும்பாடு.

கேள்வி: இரவில் பறப்பது பகலைவிடக் கடினமா? – செவிலியர்

பதில்: காற்று அமைதியாக இருக்கும், அதனால் ஓட்டுவது சுலபம். கண்தான் ஏமாற்றும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு வெள்ளை விளக்கைப் பார்த்தால் பழகியது போச்சு. இருளில் ஒரு பொருளை நேராகப் பார்த்தால் மறையும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். மிகவும் கவனமாக இருக்க வேண்டியது, சுற்றிலும் ஒரு விளக்கும் இல்லாத நிலத்தின் நடுவே ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரியும் தளங்களில். உயரமாக இருப்பதாகத் தோன்றும், தேவைக்கு மேல் தாழ்ந்துவிடுவோம். அங்கெல்லாம் கண்ணை நம்பாமல் உயரமானியை நம்பி இறங்குகிறேன். இரவுப் பணி முடித்துவிட்டு இதை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். களைப்போடு இருக்கும் நாளில் நான் விமானத்தை எடுப்பதில்லை என்பதையும் உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

கேள்வி: நீங்கள் முதலில் ஏற்றிச் சென்ற பயணி யார்? – குடும்பத் தலைவி

பதில்: என் அம்மா. லைசென்ஸ் கைக்கு வந்த ஒன்பதாம் நாள். கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, நாற்பது நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் "நல்லாத்தான் ஓட்டுற" என்றார். அப்புறம் பல முறை வந்தார். நடுவில் கொஞ்ச வருடம் முழங்கால் வலியால் ஏற முடியவில்லை.

போன வருடம் அறுவை சிகிச்சை முடிந்து, சிறு ஏணி வைத்து ஏற்றினோம். அன்று பக்கக் காற்று 11 நாட். இறங்கும்போது இடது இறக்கையைக் காற்றுக்குள் தாழ்த்தி, வலது காலால் மூக்கை நேராகப் பிடித்துக்கொண்டு வந்தேன். முதலில் இடது சக்கரம், பிறகு வலது, பிறகு மூக்கு. எஞ்சினை நிறுத்தி ஹெட்செட்டைக் கழற்றியதும் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கீழே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவர்.

"முன்னெல்லாம் உன் கால் சும்மா கெடக்கும்," என்றார். "இப்ப நான் தைக்கிற மாதிரியே மிதிக்கிறியே."